அடைக்கலப் பொருள்

நண்பர் ஒருவர், எங்கள் கல்லூரியில் கணிதம் கற்பிப்பவர், மகளைப் பார்க்க மனைவியுடன் இலண்டன் சென்று வந்தார். மகளின் வீடு சிறியது என்பதால் பக்கத்திலேயே ஒரு விடுதியில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் மாலை திரும்பி வந்தபோது, பெட்டிக்குள் துணி மடிப்பில் வைத்திருந்த ஐந்து சவரன் சங்கிலியைக் காணவில்லை. பெட்டியும் உடைபடவில்லை, கதவும் உடைபடவில்லை. மேலாளர் நிதானமாக வந்து பார்த்துவிட்டு, அறைக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்த ஓர் அச்சிட்ட தாளைச் சுட்டிக் காட்டினாராம். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்று இந்த அறையைப் பெருக்கியவள் புதியவள், வேறு நாட்டிலிருந்து வந்தவள், விசாரிக்கிறோம்" என்றாராம்.

சங்கிலி கிடைக்கவில்லை. நண்பர் அதை மறந்துகொண்டிருக்கிறார். அவர் மனைவியார் மறக்கவில்லை. எனக்கோ மேலாளர் செய்த அவ்விரண்டு செயல்களும் மனத்தை விட்டு அகலவில்லை. முதலாவது, பொறுப்பைக் கழற்றிவிடுவது. இரண்டாவது, அப்படிக் கழன்ற பொறுப்பு கீழே விழுந்துவிடாமல், அங்கிருப்போரில் மிக எளியவரின் தலையில் அதை ஐயமாக ஏற்றுவது. இவ்விரண்டும் ஒன்றையொன்று தொடர்ந்தே வருபவை என்று எனக்குத் தோன்றுகிறது. மதுரையின் வரலாற்றைப் புரட்டினால் இதற்குச் சான்றுகள் உண்டு.

மதுரைக்கு வந்து தங்கிய அயல்நாட்டாருள் பொருளைப் பறிகொடுத்தவர் என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் இபன் பதூதா. மொராக்கோ நாட்டுத் தாஞ்சியரில் 1304-இல் பிறந்தவர். மாலத்தீவு, இலங்கை எல்லாம் சுற்றி, 1340-களின் நடுவில் மதுரை சுல்தானிடம் வந்து சேர்ந்தார். சுல்தான் கியாசுத்தீன் தமகானி அவருக்கு அயலார் அல்லர். சுல்தானின் மனைவியும் இபன் பதூதா மணந்திருந்த பெண்ணும் உடன்பிறந்தவர்கள். ஆகவே அவர் இங்கே தங்கியது சத்திரத்தில் அன்று, உறவினர் வீட்டில் என்றே கொள்ளலாம். அப்போது மதுரையில் கொள்ளைநோய் பரவியிருந்ததையும், சுல்தானின் கொடுமைகளையும் அவர் விரித்து எழுதியிருக்கிறார். காய்ச்சலோடுதான் ஊரைவிட்டுப் புறப்பட்டார்.

புறப்பட்டவர் கொல்லம் சென்று, அங்கிருந்து கடல்வழியாக வடக்கே ஹொன்னாவர் நோக்கிப் போகையில், பன்னிரண்டு கப்பல்களில் வந்த கொள்ளையர் அவர் கப்பலை வளைத்துக்கொண்டனர். இலங்கை மன்னர் தந்த மாணிக்கங்களும் முத்துகளும், துணிமணிகளும், வழியுணவும் போயின. இடுப்பில் ஒரு காற்சட்டை மிஞ்சியது! குறிப்பேடுகளும் அன்று போயின. புகாராவில் அறிஞர்தம் கல்லறைகளிலிருந்து படியெடுத்து வைத்திருந்தவை இந்தியக் கடலில் தொலைந்தன என்று பின்னொரு சமயம் வருந்துகிறார். மாணிக்கத்தைவிட அந்த ஏடுகளே பெரிய இழப்பு என்பேன். இது தமிழ் வாத்தியாரின் கணக்கு. அரையுடையோடு கோழிக்கோட்டுப் பள்ளிவாசலில் வந்து ஒதுங்கியவருக்குச் சட்ட அறிஞர் ஒருவர் ஆடை அனுப்பினார். காஜி தலைப்பாகை அனுப்பினார். வணிகர் ஒருவர் இன்னோர் ஆடை தந்தார்.

கடலில் நடந்த கொள்ளைக்கு யாரைக் கேட்பது? ஆனால் நிலத்தில் அப்படியன்று என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். மலையாளக் கரையின் சாலையில் அரை மைலுக்கு ஒரு மரவீடு இருந்தது. அதில் திண்ணையும், பக்கத்தில் கிணறும், தண்ணீர் வார்க்க ஓர் ஆளும் உண்டு. இதைவிடப் பாதுகாப்பான சாலையைத் தாம் கண்டதில்லை என்கிறார். பிறகு சீனத்து விடுதிகளைப் பற்றி அவர் எழுதுவது நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே மாலையில் அதிகாரி ஓர் எழுத்தரோடு விடுதிக்கு வருவார். தங்குவோர் பெயரையெல்லாம் எழுதி முத்திரையிட்டுக் கதவைப் பூட்டுவார். காலையில் பெயர் சொல்லி அழைத்துச் சரிபார்த்து, அடுத்த தங்கல்வரை துணைக்கு ஆள் அனுப்புவார். அயல்நாட்டு வணிகர் உள்ளூர் வணிகர் வீட்டில் தங்கினால், அவர் பணம் எண்ணி வாங்கி வைத்துக்கொள்ளப்படும். விடைபெறும்போது எண்ணிப் பார்த்துக் குறைந்தால், பொறுப்பேற்ற வணிகரே ஈடுசெய்ய வேண்டும். இபன் பதூதா சீனம் போனாரா, கேட்டதை எழுதினாரா என்பதில் வரலாற்றறிஞர்களிடையே ஐயம் உண்டு. போகாமலே எழுதியிருந்தாலும், எல்லாவற்றையும் பறிகொடுத்த ஒரு மனிதர் எதை வியந்து எழுதினார் என்பது கவனிக்கத்தக்கது.

இந்த முறை சீனத்துக்கு மட்டும் உரியதன்று. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரத்தில் ஏறத்தாழ இதுவே இருக்கிறது. வணிகக் கூட்டத்தார் ஓர் ஊரில் தங்கும்போது தம் சரக்கின் மதிப்பைச் சொல்லிவிட்டுத் தங்க வேண்டும். இரவில் ஊரைவிட்டு வெளியே அனுப்பப்படாத சரக்கு களவு போனால் ஊர்த்தலைவன் ஈடுதர வேண்டும். ஊருக்கும் ஊருக்கும் இடைப்பட்ட நிலத்தில் போனால் மேய்ச்சல்நில அதிகாரி தரவேண்டும். கௌதம தர்மசூத்திரமோ இன்னும் ஒருபடி மேலே போய், களவுபோன பொருளை அரசன் மீட்டுத் தரவேண்டும், முடியாவிட்டால் தன் கருவூலத்திலிருந்து கொடுக்க வேண்டும் என்கிறது. எல்லா அரசரும் அப்படிக் கொடுத்தார்கள் என்று நம்ப நான் அவ்வளவு எளியவனல்லன். எனினும் விதியின் போக்கைப் பாருங்கள். திருடன் யார் என்ற கேள்வி அதில் முதலில் வரவில்லை. எந்த இடத்தில் போயிற்று, அந்த இடத்துக்குப் பொறுப்பாளி யார் என்பதே முதல் கேள்வி.

ரோமானியரும் இப்படித்தான். கப்பல்காரர், சத்திரக்காரர், குதிரை லாயக்காரர் ஆகிய மூவரும் தாம் ஏற்றுக்கொண்ட பொருளைப் பத்திரமாகத் திருப்பித் தரவேண்டும், தவறினால் வழக்குத் தொடுக்க இடமளிப்பேன் என்று ரோமின் நீதி அதிகாரி ஆணையிட்டிருந்தார். ஏன் இவ்வளவு கடுமை? உல்பியன் என்ற சட்ட அறிஞர் மழுப்பாமல் காரணம் சொல்கிறார்: இல்லாவிட்டால் இவர்கள் திருடரோடு கூட்டுச் சேர்ந்துகொள்ள வழி ஏற்படும்! இங்கிலாந்தில் 1584-ஆம் ஆண்டு கேலி என்பவரின் வழக்கில் இதே கருத்து நிலைபெற்றது. அறைச் சாவியை விருந்தினரிடமே கொடுத்துவிட்டேன் என்று சொல்லி விடுதிக்காரர் தப்ப முடியாது என்று அதில் முடிவாயிற்று.

இனி நம் ஊருக்கு வருவோம்.

சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்னும் வரி அடிக்கடி வரும். ஊரைக் காப்பதற்காக ஊர் கொடுத்தது அது. நாயக்கர் காலத்து மதுரைச் சீமையில் காவல் என்பது பரம்பரை உரிமை. அறுவடையில் ஒரு பங்கு, அல்லது வீட்டுக்கும் ஏருக்கும் இவ்வளவு என்று காவல்காரர் பெற்றுக்கொள்வார். பொருள் களவு போனால் துப்புத் துலக்கி மீட்டுத் தருவதும், இயலாதபோது ஈடு தருவதும் அவர் கடமை. மதுரைக்கு மேற்கேயும் தெற்கேயும் உள்ள ஊர்களில் பிறமலைக் கள்ளர் இந்த உரிமையை நெடுங்காலம் வைத்திருந்தனர். அரசன் தூரத்தில் இருந்தான். காவல்காரர் தெருவில் இருந்தார். வழிப்போக்கர் ஒருவர் மூட்டையைத் தொலைத்தால் அதற்குக் கேட்க ஓர் ஆள் இருந்தார், அவ்வளவே.

திருமலை நாயக்கர் மகாலில் ஒரு கதை வழங்குகிறது; வெள்ளைக்கார அதிகாரிகளும் தம் மாவட்டக் குறிப்புகளில் அதை எழுதிவைத்தார்கள். அரசரின் பள்ளியறைக் கூரையில் துளையிட்டு இறங்கிய ஒரு திருடன் அரச நகைகளைக் கொண்டுபோய்விட்டானாம். நகைகளைத் திருப்பிக் கொடுத்தால் நிலம் மானியமாகத் தருவேன் என்று அரசர் அறிவித்தாராம். திருடன் தானே வந்து நகைகளைக் கொடுத்தானாம். அரசர் வாக்குத் தவறாமல் மானியம் தந்து, கையோடு தலையையும் வெட்டச் செய்தாராம். கதை மெய்யோ பொய்யோ, 1623 முதல் 1659 வரை ஆண்ட பேரரசரின் படுக்கையறைக்கே அந்தக் கதி என்றால் சத்திரத் திண்ணையில் படுத்தவன் கதி என்ன! ராணி மங்கம்மாள் கட்டிய சத்திரம் இன்று மதுரை ரயில் நிலையத்தின் எதிரே இருக்கிறது. ரயிலை விட்டு இறங்குவோர் அதைக் காணாமல் போக முடியாது.

காவல்முறையை நான் பொன்னுலகமாக வரையவில்லை. காவல் கூலி தராத வீட்டு மாடு விடியுமுன் காணாமற்போவதும், பின்பு துப்புக்கூலி என்று ஒரு தொகை கொடுத்தால் அதே மாடு ஏதோ ஒரு புதரடியில் கட்டிக்கிடப்பதும் நடந்தன. ஆங்கில அதிகாரிகள் இதை மிரட்டிப் பணம் பறித்தல் என்றே எழுதினார்கள். 1890-களில் இதை எதிர்த்து ஊர்கள் நிதி திரட்டி எழுந்த இயக்கமும் மதுரை மாவட்டத்தில் நடந்தது. உல்பியன் அஞ்சிய கூட்டு இங்கும் இருந்தது எனலாம்.

ஆனால் அரசு செய்த மாற்று என்ன? 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்துக்குச் சம்பளம் வாங்கும் போலீஸ் வந்தது. போலீஸ் திருடனைத் தேடும். கிடைத்தால் தண்டனை வாங்கித் தரும். பொருளுக்கு ஈடு தராது. ஈடுதரும் கடமை எவரிடமும் போய்ச் சேராமலே மறைந்துபோயிற்று. ஐயம் மட்டும் மறையவில்லை. 1911-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ், நேற்றுவரை ஈட்டுக்குப் பொறுப்பாளியாக இருந்த பிறமலைக் கள்ளர், பிறப்பாலேயே ஐயத்துக்குரியவர் ஆக்கப்பட்டனர். ரேகை வைக்க வேண்டும், இரவில் போய்க் கையெழுத்திட வேண்டும், ஊரைவிட்டுப் போகச் சீட்டு வாங்க வேண்டும். அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-இல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்தனர். சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் நீங்கிற்று. இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, ஆளைக் கேட்கும் கேள்வியாக மாறினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நிற்க. நண்பரின் சங்கிலிக்கு வருவோம். அவர் ஊர் திரும்பிய பிறகே இச்சட்டங்களை நான் தேடிப் படித்தேன்.

இங்கிலாந்தின் 1956-ஆம் ஆண்டு விடுதி உரிமையாளர் சட்டம் கேலி வழக்கின் விதியை விடவில்லை. அறை எடுத்துத் தங்கியவரின் பொருள் தொலைந்தால், விடுதியின் தவறு என்று மெய்ப்பிக்காமலே விடுதி பொறுப்பாகும். ஒரு பொருளுக்கு 50 பவுன், மொத்தம் 100 பவுன் என்பது வரம்பு. ஆனால் அந்த வரம்பும் சும்மா கிடைப்பதில்லை. சட்டம் வகுத்த அறிவிப்பை வரவேற்பு மேசைக்கு அருகிலோ, மேசை இல்லையேல் முதன்மை வாயிலுக்கு அருகிலோ விருந்தினர் கண்ணில் படுமாறு வைத்திருக்க வேண்டும். அப்படி வைக்காத விடுதி வரம்பைப் பேச முடியாது. அறைக் கதவின் உட்புறத் தாள் அதற்கு ஈடாகாது. மேலும், பாதுகாப்பாக வைக்கும்படி விடுதியாரிடம் ஒப்படைத்த பொருளுக்கு வரம்பு இல்லை. ஒப்படைக்க வந்தபோது வாங்க மறுத்தாலும் இல்லை. உரிமையாளர் அல்லது அவருடைய பணியாளரின் தவறாலோ கவனக்குறைவாலோ வேண்டுமென்றே செய்த செயலாலோ போயிருந்தாலும் இல்லை.

கடைசி வாக்கியத்தை மீண்டும் ஒருமுறை படியுங்கள். பெருக்க வந்தவளைக் கைகாட்டியபோது அந்த மேலாளர் தம் விடுதியைக் காப்பாற்றவில்லை. அவர் சொன்னது உண்மையானால் சங்கிலியின் முழு மதிப்புக்கும் விடுதியே பொறுப்பு! அவருக்கு அது தெரிந்திருக்காது. தெரிய வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. எளியவரைக் கைகாட்டுவது சட்டம் படித்து வருகிற பழக்கமா என்ன?

ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் வரம்புத் தொகை வேறுபடுமே தவிர அடிப்படை ஒன்றே. ஜெர்மானியச் சட்டத்தில் ஓர் இரவு வாடகையின் நூறு மடங்கு என்று கணக்கு. குறைந்தது 600 யூரோ, மிகுந்தால் 3,500 யூரோ, பணத்துக்கும் நகைக்கும் 800 யூரோ. விடுதியாரிடமே ஒப்படைத்ததற்கு அங்கும் வரம்பில்லை. ஆகவே அயல்நாடு செல்லும் வாசகர்கள் நகையைத் துணி மடிப்பில் ஒளிக்காமல் வரவேற்பில் கொடுத்து, பொருளின் விவரம் எழுதிய இரசீது பெறுவது நலம். வாங்க மறுத்தால் மறுத்ததை எழுதித் தரச் சொல்லலாம். எழுதித் தராவிட்டால் அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவைக்கலாம். போய்விட்டது என்று தெரிந்தால் விடுதியின் சமாதானத்துக்குக் காத்திராமல் உள்ளூர்ப் போலீசில் எழுதிக்கொடுத்துப் பதிவெண் வாங்க வேண்டும். பயணக் காப்பீடு கேட்பது அதைத்தான். கடவுச்சீட்டும் போயிருந்தால் அதே பதிவோடு இந்தியத் தூதரகத்துக்குப் போனால், ஊர் திரும்புவதற்கான அவசரச் சான்று கிடைக்கும்.

நம் நாட்டில் விடுதிகளுக்கென்று இப்படித் தனி வரம்புச் சட்டம் இல்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் ஒப்படைப்பு பற்றிய பிரிவுகளே துணை. சாதாரண அறிவுள்ள ஒருவர் தம் பொருளில் எவ்வளவு கவனம் கொள்வாரோ அவ்வளவு கவனம் பிறர் பொருளிலும் வேண்டும் என்கிறது அதன் 151-ஆம் பிரிவு. மதுரை டவுன்ஹால் ரோட்டில் எந்த லாட்ஜில் நுழைந்தாலும் "நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகை சாமி படத்துக்குக் கீழே தொங்கும். அந்தப் பலகையின் வலிமை எவ்வளவு என்பதை உச்சநீதிமன்றம் 2019 நவம்பரில் ஒரு வழக்கில் ஆராய்ந்தது. தில்லித் தாஜ் மகால் விடுதியில் 1998-இல் விருந்தினர் ஒருவர் சாவியோடு ஒப்படைத்த மாருதி கார் திருடு போயிற்று. உரிமையாளரின் பொறுப்பிலேயே நிறுத்தப்படுகிறது என்று சீட்டில் அச்சிட்டிருந்தோமே என்றது விடுதி. தன் கவனக்குறைவுக்கு அச்சிட்ட வாசகத்தைக் காட்டித் தப்ப முடியாது, ஒப்படைத்த பொருள் போனால் தான் கவனமாக இருந்ததை மெய்ப்பிக்கும் சுமை விடுதியினுடையதே என்று நீதிமன்றம் தீர்த்தது. அறைக்குள் நாமே வைத்துப் பூட்டிய நகைக்கு இத்தீர்ப்பு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஒப்படைத்தல் என்ற ஒன்று நடந்தாக வேண்டும்.

ஒப்படைத்தல் என்பதற்குத் தமிழில் ஒரு பழஞ்சொல் உண்டு: அடைக்கலம். புகலிடம் என்ற பொருள் எல்லார்க்கும் தெரியும். ஒருவரை நம்பிக் கொடுத்துவைத்த பொருள் என்பதும் அச்சொல்லுக்கு உண்டு. நம்பி வந்த ஆளும், நம்பிக் கொடுத்த பொருளும் ஒரே சொல்லால் குறிக்கப்பட்டன. சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டத்தில் ஒரு காதைக்கே அது பெயர்.

அக்காப்பியத்தில் மதுரைக்கு வரும் இருவரும் அயலூரார்; புகாரிலிருந்து வந்தவர். கவுந்தியடிகள் நகருக்கு வெளியே ஆயர் மகளான மாதரியிடம் கண்ணகியை அடைக்கலமாகத் தருகிறார். சங்க காலத்து விடுதி என்று அதைச் சொன்னால் மிகையாகும். ஆனால் அயலூரில் தங்க ஒரு வீடும், உணவுக்குப் பண்டமும், துணைக்கு மாதரியின் மகள் ஐயையும் கிடைத்தனர். மறுநாள் கோவலன் சிலம்பை விற்கப் போகிறான். பொற்கொல்லன் அவனைத் தன் குடிலருகே இருக்கச் சொல்லிவிட்டு அரண்மனைக்குப் போகிறான். அரசியின் சிலம்பை முன்பே களவாடியவன் அவன். அவன் கணக்கில் கோவலனுக்கு இருந்த ஒரே தகுதி, ஊருக்குப் புதியவன் என்பதே. கொல்ல வந்த காவலர், கோவலனின் தோற்றம் கள்வனைப்போல் இல்லையே என்று தயங்குகின்றனர். உடனே பொற்கொல்லன் கள்வருக்கு மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டுத் துணை உண்டு என்று களவு நூல் படித்துக் காட்டுகிறான். அறிவுடையார் தோற்றம் இருப்பதே கள்வனுக்கு அடையாளம் என்று அங்கே ஆகிவிடுகிறது. அரண்மனைக்குள் இருந்த சிலம்பு யார் காவலில் இருந்தது, யார் கைக்கு எப்படிப் போயிற்று என்று பாண்டியன் அவையில் ஒருவராவது கேட்டிருந்தால் கேள்வி பொற்கொல்லனிடம்தான் போய் முடிந்திருக்கும். அவர்கள் கேட்டது, கள்வன் யார் என்று மட்டுமே.

பாண்டியன் இறந்ததை வகுப்பறையில் நாங்கள் ஆண்டுதோறும் விரித்துரைக்கிறோம்; தேர்விலும் கேட்கிறோம். மாதரியை யாரும் கேட்பதில்லை. அவளுக்குச் சிலம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவள் வீட்டில் எதுவும் திருடு போகவில்லை. அவளை எவரும் குற்றம் சாட்டவும் இல்லை. வஞ்சிக் காண்டத்தின் நீர்ப்படைக் காதையில், சேரன் செங்குட்டுவனிடம் மாடலன் என்னும் மறையோன் மற்றச் செய்திகளுக்கு இடையே அவளைப் பற்றியும் சொல்கிறான்: தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதைத் தான் இழந்துவிட்டதாகத் தன் இனத்தாரிடம் அரற்றி, நள்ளிரவில் அவள் தீயில் இறங்கினாள்.